கிரவுஸ் வேட்டைக்கு இங்கே இருக்கும் சட்டம்: அப்பாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது? போன வாரம் பேசும்போது, "அங்கே யார் வேண்டுமானாலும் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பறவை சுடலாமாமே, கவர்மெண்ட் ஒன்றும் கேட்காதா" என்று கேட்டீர்கள், அதற்குள் போன் கட்டாகிவிட்டது. பதில் கொஞ்சம் நீளம், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஸ்காட்லாந்தில் நான் இருக்கும் கேர்ன்கார்ம்ஸ் மலைப்பக்கம் ஆகஸ்டில் பார்க்க வேண்டும் அப்பா. ஹெதர் என்கிற குட்டைச் செடி மலை முழுக்க ஊதாவாகப் பூத்துக் கிடக்கும். இங்கே சுடும் பறவையான சிவப்பு கிரவுஸ் அதில்தான் வாழ்கிறது. நம் காட்டுக் கௌதாரியைவிடக் கொஞ்சம் பெரிசு, செம்பழுப்பு நிறம், பனியில் நடக்க வேண்டுமே, அதற்காகக் கால் விரல் வரைக்கும் இறகு மூடியிருக்கும். எங்கள் ஓட்டலுக்கு இறகோடுதான் வரும், உரித்துச் சுத்தம் செய்வது என் வேலை. தீனிப்பையைக் கீறினால் உள்ளே ஹெதர் கொழுந்தாக இருக்கும். நெஞ்சுக்கறியை விரலால் அழுத்திப் பார்த்துக் கடுகு மாதிரி ஈயக் குண்டு ஏதாவது தட்டுப்பட்டால் எடுத்துவிட்டுத்தான் அடுப்பில் வைப்போம். இதைக் கோழி மாதிரி பண்ணையில் வளர்க்க முடியாது, அத்தனையும் காட்டுப் பறவை.

சரி, சட்டத்துக்கு வருகிறேன். ஆகஸ்ட் 12 முதல் டிசம்பர் 10 வரைதான் சுடலாம். இங்கே ஸ்காட்லாந்தில் 1772-லேயே இந்தத் தேதிகளைச் சட்டமாக்கிவிட்டார்கள். 12-ஆம் தேதி ஞாயிறாக விழுந்தால் திங்கட்கிழமைதான் தொடங்குவார்கள். ஸ்காட்லாந்தில் அது வெறும் வழக்கம், இங்கிலாந்தில் ஞாயிற்றுக்கிழமை சுடுவதே குற்றம். துப்பாக்கிக்குப் போலீஸ் சான்றிதழ் தனியாக வேண்டும், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், வீட்டில் பூட்டி வைக்க இடம் காட்ட வேண்டும். ஒரு நாளைக்கு இத்தனை பறவைதான் என்று சட்டத்தில் கணக்கு இல்லை. அதை எஸ்டேட்காரர்களே, அதாவது மலை நிலத்தின் சொந்தக்காரர்களே முடிவு செய்கிறார்கள். ஜூலையில் நாய்களைக் கூட்டிப்போய்க் குஞ்சுகளை எண்ணுவார்கள், குறைவாக இருந்தால் அந்த வருடம் வேட்டையையே நிறுத்திவிடுவார்கள். குடல்புழுவால் பறவைகள் கூட்டமாகச் சாகும் வருடங்களும் உண்டு. கிரவுஸ் இரை செரிக்கச் சின்னக் கற்களை விழுங்கும், அதனால் மருந்து தடவிய கற்களை மலையில் வைக்கிறார்கள், வேட்டைக்கு 28 நாள் முன்பே அதை எடுத்துவிட வேண்டும் என்று விதி. சமைக்கிறவன் என்ற முறையில் எனக்கு ரொம்பப் பிடித்த விதி இது.

சுட வருகிறவர்கள் பெரும்பாலும் பணக்காரர்கள். ஒரு ஜோடிப் பறவைக்கு நூறு பவுண்டுக்கு மேல் கொடுக்கிறார்கள். கல்லால் கட்டிய இடுப்பளவு மறைவில் அவர்கள் நிற்பார்கள், ஊர்க்காரர்கள் கொடியை ஆட்டிக்கொண்டு வரிசையாக நடந்து வந்து பறவைகளை அவர்கள் பக்கம் கிளப்பி விடுவார்கள்.

இனிமேல் சொல்வதுதான் உங்களுக்கு எழுத நினைத்தது. முன்பு வேட்டைக்காரருக்குத் தனி லைசென்ஸ் இருந்தது, அதை 2011-ல் எடுத்துவிட்டார்கள். 2024-ல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் புதுச் சட்டம் போட்டது, அதன்படி லைசென்ஸ் நிலத்துக்கு. அந்த மலையில் கிரவுஸ் சுட வேண்டுமானால் நிலத்துக்காரர் நேச்சர்ஸ்காட் என்கிற அரசுத் துறையிடம் உரிமம் வாங்கியிருக்க வேண்டும், அதிகபட்சம் ஐந்து வருடத்துக்குத் தருவார்கள்.

ஏன் நிலத்துக்கு என்றால், கழுகுகளுக்காக. கிரவுஸ் குஞ்சைத் தின்றுவிடும் என்று கழுகையும் பூனைப்பருந்தையும் விஷம் வைத்தும் சுட்டும் கொன்றுகொண்டிருந்தார்கள். அது பல வருடங்களாகவே குற்றம்தான், ஆனால் ஆளில்லாத மலையில் யார் பார்த்தது, யார் சாட்சி சொல்வது? 2004-லிருந்து 2016 வரை சாட்டிலைட் கருவி மாட்டிவிட்ட 131 இளம் கோல்டன் ஈகிள் கழுகுகளில் 41 காணாமல் போயின என்று 2017-ல் அரசு அறிக்கை வந்தது, அதில் நிறைய கிரவுஸ் வேட்டை நடக்கும் மலைகளின் பக்கத்தில். இப்போது அப்படி ஒரு குற்றம் அந்த நிலத்தில் நடந்திருக்கிறது என்று துறைக்கு உறுதியானால், கோர்ட் தண்டனை வரும்வரை காத்திருக்காமல் உரிமத்தை நிறுத்தி வைக்கலாம், ரத்தும் செய்யலாம். உரிமம் போனால் வேட்டை வருமானம் முழுக்கப் போச்சு. கண்ணி வைப்பதையும் அதே சட்டம் அடியோடு தடை செய்திருக்கிறது. எஸ்டேட் முழுவதற்கும் உரிமமா, சுடுகிற பகுதிக்கு மட்டுமா என்று முதல் வருடமே சண்டை வந்தது. முழு எஸ்டேட்டும் சேர வேண்டும் என்பது என் எண்ணம், இல்லையென்றால் எல்லைக்கு ஒரு அடி தள்ளி விஷம் வைத்துவிட்டுப் போவார்கள்.

எங்கள் ஓட்டலுக்குப் பறவை கொண்டுவரும் கேம்கீப்பர் ஒருத்தர், மலையைக் காவல் பார்ப்பவர், இதை ஒத்துக்கொள்வதில்லை. "எவனோ செய்த தப்புக்கு என் வேலை போகணுமா" என்று கேட்கிறார். அவருக்கு இரண்டு பிள்ளைகள், குடியிருக்கும் வீடும் எஸ்டேட் கொடுத்தது, அவர் பயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் நிலத்தைக் கட்டுப்படுத்தாமல் கழுகைக் காப்பாற்ற முடியாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நம் ஊரில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கௌதாரி பிடிப்பதே குற்றம், ஆனாலும் கரட்டுப்பக்கம் கண்ணி போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்று தம்பி சொன்னான். நம் காட்டில் யாராவது போட்டால் அறுத்துப்போடச் சொல்லுங்கள், கேட்காவிட்டால் ஃபாரஸ்ட்காரரிடம் சொல்லிவிடுங்கள். அப்புறம், அம்மா தைலத்துக்கு ஐயாயிரம் ரூபாய் உங்கள் கணக்கில் போட்டிருக்கிறேன், வந்ததும் தம்பியிடம் ஒரு மெசேஜ் போடச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்