குழாய் 64 மனைகளுக்கும் முன்னால்தான் போகப்போகிறது

மதிப்பிற்குரிய நகராட்சி ஆணையர் அவர்களுக்கும், நகர்மன்றத் தலைவருக்கும், உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

எங்கள் விரிவாக்கப் பகுதியின் தெருமுனையில் ஒரு வால்வு தொட்டி இருக்கிறது. நகராட்சிக் குடிநீர்க் குழாய் அங்கே வந்து, வாய் மூடி நின்றுவிடுகிறது. அந்த வால்வில் எப்போதும் கொஞ்சம் கசிவு இருக்கும். சித்திரை வெயிலிலும் அந்த இடத்தில் மட்டும் புல் பச்சையாக இருக்கும். தெரு நாய்கள் வந்து நக்கிவிட்டுப் போகும். அதைத் தாண்டி 620 மீட்டர் தூரத்துக்கு 64 மனைகள். ஒன்றுக்கும் தண்ணீர் இல்லை. போர் தண்ணீரை வாளியில் பிடித்து வைத்தால் மறுநாள் விளிம்பில் வெள்ளையாகப் படிந்திருக்கும். அதில் பருப்பு வேகாது. குடிக்கவும் சமைக்கவும் கேன், புழங்க டேங்கர் லாரி. பத்து வருடமாக இப்படித்தான் ஓடுகிறது.

அதனால்தான், குழாயை நீட்டிக்க மதிப்பீடு போட்டாயிற்று என்று உங்கள் அலுவலகத்தில் சொன்ன அன்று எங்கள் தெருவே சந்தோஷப்பட்டது. மொத்தம் 18 லட்சம். நமக்கு நாமே திட்டத்தில் மனு கொடுங்கள், மூன்றில் ஒரு பங்கு மக்கள் பங்களிப்பு, அதாவது 6 லட்சம், வீட்டுக்காரர்கள் பிரித்துக் கட்டிவிடுங்கள் என்றார்கள். சரி, கட்டுகிறோம். பங்கு கேட்டது தப்பு என்று சொல்ல இந்த மடலை எழுதவில்லை. 'வீட்டுக்காரர்கள்' என்ற அந்த ஒரு வார்த்தைக்காக எழுதுகிறேன்.

64 மனைகளில் வீடு கட்டிக் குடியிருப்பது 27 பேர். மீதி 37 காலிமனைகள். 6 லட்சத்தை 27 பேருக்குப் பிரித்தால் தலைக்கு 22,222 ரூபாய். 64 மனைகளுக்கும் பிரித்தால் 9,375 ரூபாய். திட்டம் மக்கள் பங்கு எவ்வளவு என்று சொல்கிறதே தவிர, அந்த மக்கள் யார் யார், அவர்களுக்குள் எப்படிப் பிரிப்பது என்று சொல்வதில்லை. அதை எங்கள் தலையில் விட்டுவிட்டீர்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு வீட்டு மொட்டை மாடியில் கூடிப் பேசினோம். தெருவின் கடைசி வீட்டில் தையல் மெஷின் போட்டுப் பிழைக்கும் அக்கா, ஜாக்கெட் அளவுகள் எழுதும் நோட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தார். “ஒன்பதாயிரம்னா சீட்டுப் பணத்துல கட்டிடுவேன் தம்பி. இருபத்திரண்டுன்னா எனக்கு லைன் வேண்டாம்னு எழுதிக்குங்க” என்றார். அவர் விலகினால் அவருடைய பங்கு மற்ற 26 பேர் மேல் ஏறும். ஏறியதும் இன்னொருவர் விலகுவார். கூட்டம் முடிவதற்குள் மூன்று பேர் யோசிக்க வேண்டும் என்று எழுந்து போய்விட்டார்கள். 6 லட்சம் சேராவிட்டால் 18 லட்சத்து வேலையே நின்றுபோகும்.

காலிமனைக்காரர்கள் எங்களுக்கு எதிரிகள் இல்லை. பலர் வெளியூரில், வளைகுடாவில் உழைத்து, பிள்ளைகளுக்கென்று வாங்கிப் போட்டவர்கள். இன்று அவர்களுக்குத் தண்ணீர் தேவையில்லை என்பதும் உண்மை. ஆனால் குழாய் அவர்கள் மனைக்கு முன்னால்தான் போகப்போகிறது. பள்ளத்தை மூடிய மறுநாளே தரகர்கள் அந்த மனைகளுக்கு 'முனிசிபல் தண்ணீர் உண்டு' என்று சேர்த்துச் சொல்லித்தான் விலை பேசுவார்கள். அந்த விலை ஏற்றத்துக்கான பணத்தைத் தையல்காரர் கொடுப்பது எந்த ஊர் நியாயம்?

எங்கள் சங்கத்தின் பேரில் 37 பேருக்கும் கடிதம் போட்டோம். பத்திரத்தில் இருந்த பழைய விலாசங்கள். பாதிக்கு மேல் திரும்பி வந்துவிட்டன. கையில் கிடைத்தவர்களில் சிலர், “வீடு கட்டும்போது பார்த்துக்கலாம்” என்றார்கள். கேட்க எங்களுக்கு அதிகாரம் இல்லை. உங்களுக்கு இருக்கிறது. காலிமனை வரிப் பதிவேடு உங்களிடம்தான் இருக்கிறது. கட்டட வரைபட அனுமதிக்கும் குடிநீர் இணைப்புக்கும் அவர்கள் என்றைக்கானாலும் உங்களிடம்தான் வந்தாக வேண்டும்.

ஆகவே நாங்கள் கேட்பது இது. பங்கை மனைக்கு இவ்வளவு என்று நகர்மன்றத் தீர்மானமாகவே நிர்ணயியுங்கள். 64 பேருக்கும் நகராட்சியின் பெயரில் கடிதம் போகட்டும். இப்போது கட்டாதவர்களின் பங்கை அந்த மனையின் பேரில் பாக்கியாக எழுதி வையுங்கள். வரைபட அனுமதியோ இணைப்போ கேட்டு வரும் நாளில் அதை வசூலித்து, இன்று அவர்களுக்கும் சேர்த்துக் கட்டியவர்களிடம் திருப்பிக் கொடுங்கள். இது எங்கேயும் இல்லாத ஏற்பாடு அல்ல. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், முதலில் செலவு செய்து குழாயை நீட்டியவருக்கு, பின்னால் வந்து இணைப்பவர்களிடம் பங்கு வாங்கிக் கொடுக்கச் சட்டமே இருக்கிறது; 15 ஆண்டுகள் வரை அப்படி வசூலிக்கலாம்.

நம் பக்கத்து உதாரணம் ஆலந்தூர். 1990களின் கடைசியில் பாதாளச் சாக்கடைக்காக அந்த நகராட்சி மக்களிடம் முன்பணம் வாங்கியபோது வீட்டுக்கு 5,000 ரூபாய், வணிகக் கட்டடத்துக்கு 10,000 ரூபாய் என்று வைத்தது. தொகையை நகராட்சியே அறிவித்து, நகராட்சியே வசூலித்தது. பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டி வாங்கும் நிலை வரவில்லை. எங்கள் தெருவிலும் ஒரு கல்யாண மண்டபம் வருகிறது. மூன்று சென்ட் வீட்டுக்கும் அதற்கும் ஒரே பங்கு போடாதீர்கள்.

இன்னொரு கணக்கும் பாக்கி இருக்கிறது. 2017ல் அங்கீகாரமில்லாத மனைகளை வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தபோது, எங்களில் பெரும்பாலோர் வரிசையில் நின்று அபிவிருத்திக் கட்டணம் கட்டினோம். ரசீதுகளைப் பத்திரமாக வைத்திருக்கிறோம். எங்கள் மனைப்பிரிவிலிருந்து அந்த வகையில் எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது என்று சொல்லுங்கள். மிச்சம் இருந்தால் அதை மக்கள் பங்கில் கழித்துக்கொள்ளுங்கள். இதற்கு மேல் இணைப்புக்கு வைப்புத்தொகை, சாலை வெட்டும் கட்டணம், பிளம்பர் கூலி எல்லாம் தனியாக வரும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

பணத்தோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய ஒன்று. குழாயின் அளவை இன்றைய 27 வீடுகளுக்குப் போடாமல் 64க்கும் போடுங்கள். சின்னக் குழாய் போட்டால், மனைகள் நிரம்பியதும் கடைசி வீட்டில் காற்றுதான் வரும். லைனில் நேரடியாக மோட்டார் மாட்டி உறிஞ்சினால் இணைப்பைத் துண்டிப்போம் என்று முதல் நாளே எழுதி வாங்குங்கள். அந்தத் தையல்கார அக்காவும் எல்லோரையும் போலத்தான் பங்கு கட்டப்போகிறார். அவர் வீட்டுக் குழாயிலும் ஒரு குடம் நிறைய வேண்டும்.

மனை எண், உரிமையாளர் பெயர், முகப்பு அளவு, வீடு இருக்கிறதா இல்லையா என்று 64 மனைகளுக்கும் பட்டியல் தயாரித்து வைத்திருக்கிறோம். எங்கள் வார்டின் அடுத்த பகுதி சபைக் கூட்டத்துக்கு அதை எடுத்து வருகிறோம். அன்று உங்கள் வருவாய்ப் பிரிவிலிருந்து ஒருவர் காலிமனை வரிப் பதிவேட்டோடு வரட்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சரிபார்த்தால் அன்றைக்கே கடிதங்களுக்கு விலாசம் எழுத ஆரம்பித்துவிடலாம்.

இப்படிக்கு,
வால்வு தொட்டிக்கு அப்பால் குடியிருக்கும் ஒரு வரி செலுத்துநர்