அந்த லேப்டாப்பை எடைக்குப் போட்டுவிடாதே

மாப்ளே,

வீட்டில் எல்லாரும் சௌக்கியம்தானே. இங்கே குறை ஒன்றுமில்லை. ஆடி நோம்பிக்கு வராததற்குத் திட்டுவதையெல்லாம் நேரில் வைத்துக்கொள், இப்போது அவசரம்.

உன் பையன் போனில் சொன்னான். அட்டாலியைக் காலி பண்ணுகிறாயாம். அந்தப் பழைய ஹெச்பி பெவிலியனை இரும்புக்காரருக்குப் போடப்போகிறாயாம். கல்யாண டிவிடிகளை, படிக்க மிஷின் இல்லை என்று சொல்லித் துணிப்பையில் கட்டி வைத்திருக்கிறாயாம். அட கருமமே! படிக்கிற மிஷினை எடைக்குப் போட்டுவிட்டு, படிக்க மிஷின் இல்லை என்று சொல்கிற ஆளை உங்கள் ஊரில்தான் பார்க்க முடியும்.

அது என்ன மாதிரி மிஷின் என்று உனக்கு எப்போதும் ரோசனையே இருந்ததில்லை. அந்தக் காலத்து க்விக்பிளே மாடல்களில், அணைத்து வைத்திருக்கும்போதே டிவிடி பொத்தானைத் தொட்டால் விண்டோஸ் எழும்பாமல் நேராகப் படம் ஓடும். முன்பக்கம் ஹெட்போன் ஓட்டை இரண்டு, சண்டையில்லாமல் இரண்டு பேர் கேட்கலாம். ரிமோட்டைக்கூட பக்கவாட்டுச் சந்தில் சொருகி வைக்க இடம். டிவிடி டிரைவ் முகப்பில் லைட்ஸ்கிரைப் முத்திரை இருக்கிறதா பார். இருந்தால், அதற்கென்று விற்ற டிஸ்க்கைக் கவிழ்த்துப் போட்டால் லேசரே மேல்பக்கத்தில் பெயரும் படமும் பொறித்துத் தரும். முழுப் படத்துக்கு அரை மணி நேரம் பக்கம் ஆகும், அது வேறு விஷயம். மற்ற கம்பெனிக்காரர்களும் அப்படித்தான். பானசோனிக்கின் லெட்ஸ் நோட் லேப்டாப்பில் கை வைக்கிற இடமே மூடி மாதிரித் திறக்கும், அதற்குள் டிஸ்க். டெல் லாட்டிட்யூட் டி வரிசையில் டிரைவை உருவி எடுத்துவிட்டு அதே பொந்தில் இரண்டாவது பேட்டரியைத் தள்ளலாம். இன்றைக்குக் கடையில் வரிசையாக வைத்திருக்கிறார்களே, மூடியில் இருக்கும் பெயரை மறைத்துவிட்டால் எது எவனுடையது என்று சொல்ல முடியுமா? 2008-ல் மேக்புக் ஏர் டிரைவ் இல்லாமல் வந்தபோது சிரித்தவர்கள்தான், பின்னால் முச்சூடும் அதே வழிக்குப் போனார்கள். 2012-ல் விண்டோஸ் 8 வந்தபோது டிவிடி ஓட்டுகிற வசதியையும் உள்ளேயிருந்து எடுத்துவிட்டார்கள்.

சரி, விளையாட்டு போதும். அந்த டிஸ்க்குகள் செத்துக்கொண்டிருக்கின்றன மாப்ளே. ஸ்டுடியோக்காரர்கள் எழுதிக் கொடுத்தது கம்பெனியில் அச்சுப்போட்ட டிஸ்க் இல்லை. சாயத்தை லேசரால் சுட்டு எழுதினது. சூடும் வெளிச்சமும் ஈரமும் அந்தச் சாயத்துக்கு ஆகாது. உன் அட்டாலிக்கு மேலே தகரம், சித்திரை வெயில் நேராக இறங்குகிற இடம். அந்த டிஸ்க்கில் இணைச்சீர் சடங்கு இருக்கிறது, மங்கல வாழ்த்து முழுசாக இருக்கிறது, அப்புச்சி மைக்கைப் பிடித்து ஒறம்பரையை எல்லாம் பந்திக்குக் கூப்பிடுகிற சத்தம் இருக்கிறது. அந்தக் குரல் வேறெங்கே இருக்கிறது சொல்.

ஆகையால் இப்படிச் செய். முதலில் பேட்டரியைக் கழற்றிவிடு. உப்பியிருந்தால் சார்ஜ் போட்டுப் பார்க்கிற வேலையே வேண்டாம், அடாப்டரில் மட்டும் ஓட்டு. தட்டு வெளியே வராவிட்டால் முகப்பில் ஊசித்துளை இருக்கும். மிஷினை அணைத்துவிட்டு, நிமிர்த்திய ஜெம் கிளிப்பை நேராக விட்டு அமுக்கு. லேப்டாப் டிரைவில் லென்ஸும் தட்டோடு சேர்ந்து வெளியே வந்துவிடும், துடைக்க அதுவே வசதி. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் காது பஞ்சுக்குச்சியில் ஈரமாகும் அளவுக்கு மட்டும். லென்ஸ் மெல்லிய கம்பியில் தொங்குகிறது, அழுத்தினால் தீர்ந்தது. சானிடைசர் ஜெல்லைத் தடவிவிடாதே, படலம் படிந்துவிடும். டிஸ்க்கை நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் துடை. வட்டமாகத் துடைத்துக் கீறல் விழுந்தால் அது தடத்தோடு சேர்ந்து ஓடும், பிழை திருத்துகிற கணக்குக்கு எட்டாமல் போகும். வைக்கும்போது நடுக்குமிழில் டக்கென்று பூட்ட வேண்டும். பாதிப் பேர் இங்கேதான் கோட்டைவிட்டு, டிரைவ் போச்சு என்கிறார்கள். மேலே கல்யாண போட்டோ ஸ்டிக்கர் ஒட்டிய டிஸ்க் இருந்தால் ஓரம் பிரிந்திருக்கிறதா பார். மெல்லிசு டிரைவில் அது உள்ளே சிக்கிக்கொள்ளும்.

படித்துவிட்டால் படம் பார்க்க உட்காராதே, காப்பி பண்ணு. இம்ஜ்பர்ன் மாதிரி மென்பொருள் ஒன்றில் முழு டிஸ்க்கையும் ஐஎஸ்ஓ கோப்பாக, அதாவது அச்சு அசல் நகலாக ஒரே கோப்பில், எடுத்துவிடு. சாதாரண ஒற்றை அடுக்கு டிஸ்க்குக்கு அதிகபட்சம் 4.37 ஜிபி வரும், நான்கு டிஸ்க்கும் 32 ஜிபி பென்டிரைவில் அடங்கும். ஆனால் கடையில் வாங்கின பென்டிரைவ் எஃப்ஏடி32 என்கிற பழைய ஃபார்மேட்டில் இருந்தால் 4 ஜிபிக்கு மேலான கோப்பை வாங்காது. பழைய விண்டோஸாக இருந்தால் இடம் இல்லை என்றுகூடச் சொல்லும், நீயும் நம்பி இன்னொன்று வாங்குவாய். என்டிஎஃப்எஸ்ஸாக ஃபார்மேட் பண்ணிக்கொள். பாதியில் நின்று கர்கர் என்று இழுத்தால் விண்டோஸோடு மல்லுக்கட்டாதே. லினக்ஸில் டிடிரெஸ்கியூ என்று மீட்பு மென்பொருள் இருக்கிறது, பிளாக் அளவு 2048, எது படித்தது எது விட்டது என்று குறித்து வைக்கிற மேப் கோப்பு கட்டாயம். நல்ல இடங்களை முதலில் எடுத்துவிட்டுக் கெட்ட இடத்துக்குப் பிறகு வரும். அதே மேப்பை வைத்து வேறு டிரைவில் ஓட்டினால், இது விட்டதை அது படிக்கிறதும் உண்டு.

சின்னதாக்கி எம்பி4 ஆக மாற்றுகிறேன் என்று இறங்காதே. மூலத்தை அப்படியே வை. புது டிவியில் கை அசைக்கும்போது சீப்புப் பல் மாதிரிக் கோடு தெரியும். அது கெட்டுப்போனது இல்லை, 720-க்கு 576 அளவில் வரிவிட்டு வரி எழுதின படம். விஎல்சியில் டி எழுத்தைத் தட்டினால் போய்விடும்.

மதர்போர்டே போயிருந்தால்? அப்போதும் இரும்புக்காரர் இல்லை. பெரும்பாலும் அடியில் ஒரே திருகாணி, கழற்றினால் டிரைவ் வழுக்கிக்கொண்டு வரும். அதை வெளியே வைத்து ஓட்ட யுஎஸ்பி கேஸ் வாங்குமுன் டிரைவின் பின்பக்கம் பார், இணைப்பு ஐடிஇயா சாட்டாவா என்று. கனம் 12.7 மில்லிமீட்டரா 9.5-ஆ என்பதையும் அள. மாற்றி வாங்கினால் உட்காராது. சுழல ஆரம்பிக்கும்போது ஒரு யுஎஸ்பியின் 500 மில்லிஆம்பியர் பத்தாமல் டிரைவ் விட்டுவிட்டுத் துடிக்கும், இரண்டு யுஎஸ்பியில் சொருகுகிற இரட்டை வால் கேபிளாக வாங்கு. நம்ம இன்ஜினீயர் டிரைவைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் எஸ்எஸ்டி போடச் சொல்லுவான். அவன் பேச்சைக் கேட்டு கிரைண்டருக்கு என்ன ஆச்சு என்பதை ஞாபகம் வைத்துக்கொள்.

இவ்வளவும் முடியாது என்றால் எல்லாவற்றையும் என்னிடம் தள்ளிவிடு. லேப்டாப்பைப் பார்சலில் போடு. டிஸ்க்கை மட்டும் பஸ்ஸில் கொடுத்துவிடாதே, டிரைவர் கண்ணாடிக்கு முன்னால் வெயிலில் வைத்துக்கொண்டு வருவார். யாராவது இக்கட்ட வரும்போது கையில் கொடுத்தனுப்பு.

மச்சான்