டயாப்ளோ மலைக்கு இரண்டு வழி

வால்நட் கிரீக், கலிஃபோர்னியா,
ஞாயிறு மாலை

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். "எந்த மலைக்குடா சைக்கிள்ல போறே?" என்று போனில் கேட்டீர்கள், அதற்குள் லைன் போய்விட்டது. விவரமாக எழுதுகிறேன்.

வீட்டு வாசலில் நின்றாலே தெரிகிற டயாப்ளோ மலைதான். உச்சி 3,849 அடி. ஏறக்குறைய நம் கொல்லிமலை உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆடிப்பெருக்குக்கு அறப்பளீஸ்வரரைப் பார்க்கப் போகும்போது காரவள்ளியில் சைக்கிளை விட்டுவிட்டு பஸ் ஏறுவோமே, இங்கே சைக்கிளிலேயே உச்சி வரை போகிறார்கள்.

வடக்கே எங்கள் ஊரிலிருந்து ஒரு ரோடு, தெற்கே டான்வில் பக்கமிருந்து ஒரு ரோடு. பாதி மலையில் இரண்டும் சேர்ந்து, அப்புறம் ஒரே ரோடு. எப்படிப் போனாலும் சுமார் 18 கிலோமீட்டர்.

தெற்கு வழியில் பொந்து விழுந்த மணற்பாறைகள் உண்டு. பொந்துக்குள் ஆள் உட்காரலாம். ஆனால் சனி ஞாயிறில் கார் அதிகம். எனக்குப் பிடித்தது வடக்குதான். ரோடு குறுகல், ஆனால் அமைதி. குதிரைப் பண்ணைகளைத் தாண்டி மெதுவாக ஏறும், சந்திப்பை நெருங்கும்போதுதான் மூச்சு வாங்கும். நிழல் குறைவு. ஆகஸ்டில் ஒருநாள் பத்து மணிக்கு மேல் கிளம்பி, பாதியில் தண்ணீர் தீர்ந்து, நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இப்போது விடியலிலேயே கிளம்பிவிடுகிறேன்.

போன மாதம் அந்த ரோட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மயிர்ச் சிலந்தி குறுக்கே போனது. இலையுதிர் காலத்தில் ஆண் சிலந்திகள் பெண்ணைத் தேடி இப்படிக் கிளம்புமாம். ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து அது புல்லுக்குள் போகும்வரை நின்று பார்த்தேன்.

உச்சிக்குக் கடைசி இருநூறு மீட்டர் சுவர் மாதிரி. நூறடி போனால் பதினைந்து அடிக்கு மேல் ஏறும். முதல் இரண்டு தடவை இறங்கித் தள்ளினேன். மூன்றாவது தடவை மிதித்தே ஏறிவிட்டேன் அப்பா! உச்சியில் ஒரு கல் கட்டடம், அதன் சுவர்க் கற்களில் பழைய கடல் சிப்பிகள். தரை நடுவே மலையின் நிஜ நுனிப் பாறை நீட்டிக்கொண்டிருக்கும். அதைத் தொட்டுவிட்டுத்தான் இறங்கினேன்.

அம்மா பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். எதிரே வருவது தெரியாத வளைவுகள் பலவற்றில், ஏறுகிற சைக்கிள் ஒதுங்க ரோட்டோரம் அகலப்படுத்தியிருக்கிறார்கள். ஹெல்மெட் இல்லாமல் நான் ஏறுவதில்லை.

நீங்கள் இருவரும் ஏப்ரலுக்குள் வந்துவிடுங்கள். மே வந்தால் புல் காய்ந்துவிடும். தெற்கு வழியில் காரில் கூட்டிப்போகிறேன், அந்தப் பாறைப் பொந்தில் உட்கார்ந்து சாப்பிடலாம்.

அன்புடன்,
உங்கள் மகன்