வெள்ளி உபவாச ஜெபம்: காத்திருக்கிறவர்களுக்காக

அல்சூர், சிவாஜி நகர், ஸ்ரீராமபுரம் ஜெபக் குழுக்களுக்கு ஸ்தோத்திரம்.

1 சாமுவேல் 13-ஆம் அதிகாரத்தை வாசித்துவிட்டு வாங்க. தீர்க்கதரிசி சாமுவேல் குறித்த ஏழு நாளும் ராஜா சவுல் கில்காலில் காத்திருந்தான். ஜனங்கள் சிதறவும் பயந்துபோய், சாமுவேல் வந்து செலுத்த வேண்டிய தகனபலியைத் தானே செலுத்தினான். செலுத்தி முடித்த கையோடு சாமுவேல் வந்து நிற்கிறார். அந்த 10-ஆம் வசனத்தை நிதானமாகப் படியுங்கள். வேலை, வரன், பிள்ளைப்பேறு என்று காத்திருக்கும் நம்மில் பலர் தடுமாறுவது கடைசி மணி நேரத்தில்தான்.

ஆபிராம் ஆரானை விட்டபோது வயது 75. அவசரப்பட்டதில் மகன் இஸ்மவேல் பிறந்தது அவருடைய 86-இல், தேவன் வாக்குக்கொடுத்த மகன் ஈசாக்கு பிறந்தது 100-இல்.

ஜெப நோட்டில் ஒரு பக்கத்துக்கு ஒரு விண்ணப்பம், மேலே தேதி. நம் கையில் உள்ளதை (இன்டர்வியூ, டாக்டர், பத்திரம்) இடப்பக்கம் எழுதி இந்த வாரமே செய்யுங்கள். அதைச் செய்யாமல் உட்கார்ந்திருப்பது காத்திருப்பு ஆகாது. கர்த்தர் கையில் உள்ளது வலப்பக்கம். அதற்குக் கெடு மட்டும் போடாதீர்கள். கெடு தாண்டினால் ஜெபமே நின்றுபோகும். சோர்வு வந்தால் சங்கீதம் 13-ஐச் சத்தமாக வாசியுங்கள், ஆறே வசனம். தாவீதே நான்கு முறை "எதுவரைக்கும்" என்று கேட்டிருக்கிறார், நாமும் தாராளமாகக் கேட்கலாம்.

சுகர் மாத்திரை போடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் உபவாசம் இருக்க வேண்டாம், சாப்பிட்டுவிட்டே வாங்க. அக்காமார்களே, பிள்ளைக்காகக் காத்திருக்கும் தம்பதிகளிடம் "விசேஷம் உண்டா" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து ஜெபித்தால் போதும்.