எடை ஏறும் வீடுகள் எவை? – இரு துறைகளுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்பநலத் துறை, கூட்டுறவு, உணவு மற்றும் நுகர்வோர் பாதுகாப்புத் துறை ஆகியவற்றின் செயலாளர்களுக்கு,

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

தேசியக் குடும்பநல ஆய்வின் நான்காம் சுற்று 2015-16இல் நடந்தபோது, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 30.9 விழுக்காட்டினர் மிகை எடையோ பருமனோ உடையவர்களாக இருந்தார்கள். 2019-21இல் நடந்த ஐந்தாம் சுற்றில் அது 40.4 விழுக்காடாயிற்று. ஆண்களிடம் 28.2 விழுக்காடாக இருந்தது 37.0 ஆயிற்று. அதே ஐந்தாம் சுற்றில் நாடு முழுமைக்குமான அளவு பெண்களுக்கு 24.0, ஆண்களுக்கு 22.9 மட்டுமே. இவை உடல் நிறைக் குறியெண் (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் பி.எம்.ஐ. அளவு) 25ஐ எல்லையாக வைத்து எடுத்த கணக்குகள். ஆசிய உடல்வாகுக்கு 23இலிருந்தே கவனம் வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்வதை ஏற்றுக்கொண்டால் எண்ணிக்கை இன்னும் கூடும்.

இந்த எண்கள் உங்கள் மேசைக்கு முன்பே வந்தவைதாம். அவற்றைத் தெரிவிப்பதற்காக நான் எழுதவில்லை. அவற்றை நாம் எல்லோரும் ஒரே விதமாகப் படித்துவிட்டு மூடிவைக்கிறோம், அந்தப் படிப்பில் பாதிதான் உண்மை என்று சொல்லவே எழுதுகிறேன். ‘கையில் காசு சேர்ந்தது, உடம்பில் சதை சேர்ந்தது, வளமான மாநிலத்துக்கு இது வருவதுதான்’ என்பதே அந்தப் படிப்பு.

அதற்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. அதே ஆய்வு இந்தியக் குடும்பங்களைச் செல்வநிலைப்படி ஐந்து தட்டுகளாகப் பிரித்துக் காட்டுகிறது. அடித்தட்டுப் பெண்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு மிகை எடை இருக்கிறது, மேல்தட்டில் பத்தில் நால்வருக்கு இருக்கிறது. நம் பேச்சு வழக்கும் இதற்கு ஒத்துத்தான் போகிறது. விடுமுறைக்கு வந்த மகளைப் பார்த்து ‘இளைச்சுப் போயிட்டியே’ என்று கலங்குகிற வீடுகளில், ‘பூசினாற்போல இருக்கிறாள்’ என்பது பாராட்டு. பசியை நேரில் கண்ட தலைமுறைகளின் சொற்கள் இவை, ஆகவே இவற்றை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் பருமனை வசதியின் அடையாளமாகவே பார்க்கும் பழக்கம் அரசின் திட்டங்களுக்குள்ளும் புகுந்துவிட்டதோ என்பதுதான் என் ஐயம்.

ஏனெனில் செல்வத்துக்கும் பருமனுக்கும் உள்ள உறவு நிலையானதன்று. வளரும் நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பிரேசில் அறிஞர் கார்லோசு மொன்டைரோவும் அவருடன் பணியாற்றியோரும் 2004இல் வெளியிட்ட கட்டுரை, ஒரு நாட்டின் வருமானம் உயர உயரப் பருமனின் சுமை மேல்தட்டிலிருந்து அடித்தட்டுக்கு நகர்கிறது என்றும், ஆண்களைவிடப் பெண்களிடம் அந்த நகர்வு முன்னதாகவே நிகழ்கிறது என்றும் காட்டியது. நம் வீட்டு வாசலிலேயே அதற்கு ஓர் அறிகுறி உண்டு. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தினர் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்காக நடத்திவரும் நாடுதழுவிய ஆய்வின் 2017ஆம் ஆண்டு முடிவுகளில், தமிழ்நாடு, மகாராட்டிரம், சண்டிகர் ஆகிய வளமான பகுதிகளின் நகரங்களில் வசதி குறைந்தோரிடமே சர்க்கரை நோய் கூடுதலாக இருந்தது. சர்க்கரை நோயும் பருமனும் ஒன்றல்ல என்பதை அறிவேன். ஆனாலும் இரண்டும் ஒரே அடுப்படியிலிருந்து புறப்படுபவை. அதனால் எடை எந்த வீடுகளில் ஏறிக்கொண்டிருக்கிறது என்று இப்போதே கேட்டுவைப்பது நல்லது.

அந்த அடுப்படியைப் பற்றி உணவுத் துறையிடம் சற்று விரிவாகவே பேச வேண்டும். 2011 சூன் முதல் நம் நியாய விலைக் கடைகளில் அரிசிக்கு விலையில்லை. துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், சீனி கிலோ 25 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். இந்தக் கடைகளால்தான் தமிழ்நாட்டில் அடுப்பு அணையாமல் எரிகிறது என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து கிடையாது. ஆனால் ஒரு 25 ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தப் பணத்துக்கு ரேஷன் கடையில் கிடைக்கும் ஒரு லிட்டர் பாமாயிலில் எண்ணாயிரம் கிலோ கலோரிக்கு மேல் இருக்கிறது, ஒரு கிலோ சீனியில் நாலாயிரத்தை ஒட்டி இருக்கிறது. அதே பணத்தை எடுத்துக்கொண்டு வெளிக்கடைக்குப் போனால் நான்கு முட்டை கிடைப்பதே அரிது, அவற்றில் முந்நூறு கிலோ கலோரிக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கும். கீரையும் காயும் பழமும் விலை ஏறி இறங்கி, மாதக் கடைசியில் கூடையிலிருந்து முதலில் விழுபவை. ஆக, வயிற்றை நிரப்புவதற்கு மிக மலிவான வழியே எடையை ஏற்றுவதற்கும் மிக மலிவான வழியாகிவிட்டது. வீட்டில் வரவு கொஞ்சம் கூடும்போது அந்தத் தட்டில் முதலில் வந்து சேர்வது பழமன்று. மாலை நேரத்து போண்டாவும் இரவு பரோட்டாவும் பத்து ரூபாய்ப் பொட்டலங்களுமே வந்து சேர்கின்றன.

பாமாயிலுக்குப் பதிலாகக் கடலை எண்ணெயோ தேங்காய் எண்ணெயோ கொடுக்க வேண்டும் என்ற கோரிக்கை விவசாயிகளிடம் நெடுநாளாக இருக்கிறது. உழவர் நலனுக்காக அதை நான் ஆதரிப்பேன், ஆனால் எடைக்கு அது மருந்தாகாது. எந்த எண்ணெயாக இருந்தாலும் ஒரு கிராமுக்கு ஒன்பது கிலோ கலோரிதான். அளவைக் குறைத்து அந்த இடத்தில் என்ன வைக்கப் போகிறோம் என்பதே கேள்வி. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, ஒருவருடைய ஒருநாள் ஆற்றலில் தானியங்களின் பங்கு 45 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்றும், பருப்பு முதலிய புரத உணவுகளின் பங்கு கூட வேண்டும் என்றும் சொல்கிறது. 2023இல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு தரத் தொடங்கியபோது, இந்தக் கடைகளின் கூடையை மாற்ற முடியும் என்பதை நீங்களே செய்து காட்டிவிட்டீர்கள்.

இனி கல்வி. செல்வமும் கல்வியும் எப்போதும் ஒரே திசையில் இழுப்பதில்லை. எகிப்தில் பெண்களைப் பற்றி நடந்த ஓர் ஆய்வில், படிப்புக் குறைந்தவர்களிடம் செல்வம் கூடக் கூடப் பருமனும் கூடியது, உயர்கல்வி பெற்றவர்களிடம் அந்தத் தொடர்பு காணப்படவில்லை. பணம் தட்டை நிரப்பும்போது, எதை எவ்வளவு என்று கேட்கும் பழக்கத்தைக் கல்வி தந்திருக்கிறது என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். நம் மாநிலத்தில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 2021-22 கணக்குப்படி 47 விழுக்காடு, நாட்டின் சராசரி 28ஐ ஒட்டியது. அப்படியானால் நாம் காக்கப்பட்டிருக்க வேண்டுமே, ஏன் இல்லை?

முப்பது ஆண்டுகள் அறிவியல் ஆசிரியராக இருந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்த விடையைச் சொல்கிறேன். கார்போஹைட்ரேட், புரதம், கொழுப்பு என்று கரும்பலகையில் எழுதிப்போட்டு மதிப்பெண் வாங்க வைத்தேன். ஆனால் மதிய உணவில் சோறு எவ்வளவு, பருப்பு எவ்வளவு என்று ஒரு மாணவியையும் அளந்து பார்க்கச் சொன்னதில்லை. பொதுத்தேர்வு நெருங்கினால் பி.டி. பீரியடை எனக்குக் கொடுங்கள் என்று உடற்கல்வி ஆசிரியரிடம் கேட்டு வாங்கியவர்களில் நானும் ஒருவன். பெண்பிள்ளைகள் விளையாடாவிட்டால் யாரும் கேட்பதில்லை என்பதால், அவர்களுடைய மணி நேரத்தை வாங்குவது இன்னும் எளிதாக இருந்தது. அப்படிப் படித்துத் தேறியவர்கள் நாள் முழுவதும் நாற்காலியில் உட்காரும் வேலைக்குப் போனார்கள். பட்டம் அவர்களுக்கு வருமானத்தைத் தந்தது, உடம்பைப் பேணும் அறிவைத் தரவில்லை. இந்தக் குற்றத்தில் என் பங்கை மறைக்க விரும்பவில்லை.

இடையில் ஒன்று. மிக்சியும் கிரைண்டரும் வந்ததால்தான் பெண்கள் குண்டானார்கள் என்று மேடைகளில் பேசுகிறவர்கள் அம்மியைத் தாங்கள் ஒரு மாதம் அரைத்துவிட்டு வந்து பேசட்டும். அந்த உழைப்பிலிருந்து பெண்கள் விடுபட்டது நல்லதே. விடுபட்ட நேரத்தில் அவர்கள் அச்சமின்றி நடக்க ஒரு நடைபாதையும், விளக்கு எரியும் ஒரு பூங்காவும் பெரும்பாலான ஊர்களில் இல்லை என்பதுதான் குறை.

இதைப் படித்துவிட்டு யாரேனும் இலவச அரிசியைக் குறைக்க வாதம் தேடினால், அதே ஐந்தாம் சுற்றையே காட்டுவேன். தமிழ்நாட்டுப் பெண்களில் 12.6 விழுக்காட்டினர் இன்னும் எடை குறைந்தவர்கள், பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உள்ளவர்கள். பருமனும் சோகையும் ஒரே தெருவில், சில சமயம் ஒரே பெண்ணின் உடம்பில் சேர்ந்து இருக்கின்றன. வரி போட்டுத் தீர்க்கலாம் என்போருக்கும் ஒரு சொல்: கேரளம் 2016இல் பெயர்பெற்ற உணவகங்களின் பீட்சா, பர்கர்களுக்கு 14.5 விழுக்காடு கொழுப்பு வரி விதித்தது, அடுத்த ஆண்டு சரக்கு சேவை வரி வந்ததும் அது கரைந்துபோயிற்று. கரையாமல் இருந்திருந்தாலும் அது வசதியானவர் தட்டைத்தான் தொட்டிருக்கும்.

ஆகவே உணவுத் துறையிடம் நான் கேட்பது, விரும்புகிற குடும்ப அட்டைதாரர் தம் சீனியையும் பாமாயிலையும் விட்டுக்கொடுத்து, அந்த மானிய மதிப்புக்குக் கூடுதல் துவரம் பருப்போ கொண்டைக்கடலையோ வாங்கிக்கொள்ள ஒரு வழி. கட்டாயம் வேண்டாம், முதலில் ஒரே ஒரு நகர வட்டத்தில் செய்து பாருங்கள். மக்கள் நல்வாழ்வுத் துறையிடம் கேட்பது இன்னும் எளியது. குடும்பநல ஆய்வின் மாநிலச் சுருக்க அறிக்கை, நகரம், ஊரகம் என்ற இரண்டு பிரிவோடு நின்றுவிடுகிறது. உங்கள் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பணியாளர்கள் 2021 ஆகத்து முதல் வீடுவீடாகச் செல்கிறார்கள். அந்தப் பணியாளர்கள் குருதி அழுத்தம் பார்க்கும்போதே இடுப்புச் சுற்றளவையும் எடுத்து, அந்த வீட்டின் வருவாய், பெண்களின் படிப்பு ஆகியவற்றோடு சேர்த்துப் பதிந்து, பெயர்களை நீக்கி, மாவட்ட வாரியாக ஆண்டுக்கொருமுறை வெளியிடுங்கள். முதல் ஆண்டின் அட்டவணை வெளிவரும் நாளில் அடித்தட்டு வரிசையைத்தான் நான் முதலில் பார்ப்பேன், நீங்களும் அங்கிருந்தே தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பணிநிறைவு பெற்ற அறிவியல் ஆசிரியர் ஒருவர்