அந்தச் சொட்டில் என்ன இருக்கிறது என்று எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்

சென்னையில் போதை மறுவாழ்வு மையங்களுக்கு உரிமம் வழங்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். ஊரில் என்னென்ன தூள் புழங்குகிறது, புறநகரில் எத்தனை மையங்கள் முளைத்திருக்கின்றன என்பதெல்லாம் உங்கள் கோப்பிலேயே இருக்கும். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

என் தம்பிக்கு 28 வயது. கோகெய்ன் பழக்கம். 45 நாள் ஒரு தனியார் மையத்தில் இருந்துவிட்டு வீடு திரும்பும்போது, நாக்கடியில் விடும் சொட்டு மருந்து என்று ஒரு சிறு பாட்டிலைக் கொடுத்து அனுப்பினார்கள். 5,800 ரூபாய். ரசீதில் 'சப்ளிமெண்ட்' என்று ஒரே சொல். "கோகெய்னுக்கு இங்கிலீஷ் மருந்தே கிடையாது மேடம். மூளைக்குள்ள கன்னாபினாய்டு சிஸ்டம்னு ஒண்ணு இருக்கு, அது வறண்டு போச்சு. இது நிரப்பிடும். அந்தக் கெமிக்கல் பேரே ஆனந்தமைடு, நம்ம ஆனந்தம்தான்!" என்றார் ஆலோசகர்.

அம்மா கம்மலை அடகு வைத்தார். அவருக்குக் கண்ணில் புரை. தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு டியூப்லைட்டுக்கு நேரே பாட்டிலைத் தூக்கிப் பிடித்து, தம்பி நாக்கை மடித்துக் காட்ட, வாய்விட்டு எண்ணுவார். "எட்டு, ஒம்பது, பத்து." ஒரு சொட்டு கூடிவிட்டால் ஏதோ பாவம் செய்தவர் மாதிரி என்னைத் திரும்பிப் பார்ப்பார். 23ஆம் நாள் வெள்ளிக்கிழமை. சம்பளம் ஏறிய மெசேஜ் வந்தது, அவன் வீட்டுக்கு வரவில்லை. ஞாயிறு சாயங்காலம் வந்தான், மூக்கோரம் ரத்தம் காய்ந்துபோய். அம்மா அவனை ஒன்றும் கேட்கவில்லை. என்னிடம்தான் கேட்டார்: "நான் எண்ணினதுல தப்பாயிருக்குமாடி?"

அந்தக் கேள்விதான் இந்த மடலை எழுத வைத்தது.

நான் மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் நடத்துகிறவள். தேடிப் படித்தேன். முழுப்பொய்யாக இருந்திருந்தால்கூட இவ்வளவு கோபம் வந்திருக்காது. கஞ்சாவின் போதை வேலை செய்யும் அந்தக் கன்னாபினாய்டு அமைப்பு மூளையில் நிஜமாகவே இருக்கிறது. 1992இல் ஆனந்தமைடைக் கண்டுபிடித்தவர்கள் அந்தப் பெயரை ஆனந்தம் என்ற சொல்லிலிருந்துதான் எடுத்தார்கள். 2001இல் வெளியான எலி ஆய்வு ஒன்று, இந்த அமைப்பின் சிபி1 ஏற்பியை (ரசாயனம் வந்து பொருந்தும் பூட்டு மாதிரியான இடம்) மருந்தால் அடைத்தால், கோகெய்னை நினைவூட்டும் குறிப்பைக் கண்டாலும் எலிகள் அதைத் தேடுவது குறைகிறது என்று காட்டியது. அதே ஏற்பியைத் தூண்டும் மருந்தைக் கொடுத்தபோதோ, விட்டிருந்த எலிகள் மறுபடி தேடத் தொடங்கின.

தம்பியின் பாட்டிலில் பொடி எழுத்தில் என்ன போட்டிருந்தது தெரியுமா? விஜயா. அதாவது கஞ்சா இலைச் சாறு. கூடவே டிஹெச்சி, கஞ்சாவில் போதை தருகிற பொருள். அது சிபி1ஐத் தூண்டுவது. எலிக்கு நடந்ததுதான் என் தம்பிக்கும் நடந்தது என்று வாதாட வரவில்லை. ஆனால் அடைக்கப் பார்த்த கதவையே இவர்கள் திறக்கும் சாவியைக் கொடுத்து, அதற்குப் பில்லும் போட்டிருக்கிறார்கள்.

அடைக்கிற மருந்தின் கதையும் இனிப்பானதல்ல. ரிமோனபன்ட் 2006இல் ஐரோப்பாவில் உடல் பருமனுக்காக வந்தது. மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் காரணமாக 2008இல் திரும்பப் பெறப்பட்டது. கஞ்சாவிலிருந்தே எடுக்கும், போதை தராத சிபிடி என்ற பொருளை மான்ட்ரியாலில் கோகெய்ன் பழக்கமுள்ள 78 பேரிடம் சோதித்தார்கள். வெற்று மருந்தைவிட ஏக்கத்தையோ மறுசறுக்கலையோ அது குறைக்கவில்லை என்று 2021இல் முடிவு வந்தது. ஆலோசகருக்கு ஆனந்தம் வரை வாசிக்க வந்திருக்கிறது, அடுத்த பக்கம் புரட்டத்தான் கை வரவில்லை.

கோகெய்னுக்கென்று அங்கீகரிக்கப்பட்ட மருந்து இல்லை என்று அவர் சொன்னது மட்டும் சரி. சிறுநீர்ப் பரிசோதனை சுத்தமாக வரும்போதெல்லாம் சின்னப் பரிசு கொடுத்துப் பழக்கும் முறைக்குத்தான் நல்ல சான்று இருக்கிறது. அதைப் பாட்டிலில் அடைக்க முடியாதே, யார் விற்பார்கள்?

ஆகவே என் கோரிக்கை ஒன்றே ஒன்று. என்ன மருந்து கொடுக்கிறார்கள், எந்த மருத்துவர் எழுதினார், அது மனிதரிடம் சோதித்துத் தேறியதா இல்லை எலியோடு நின்றதா என்று தமிழில் ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடும்பத்தாரிடம் கொடுக்கச் சொல்லுங்கள்.

ஆகஸ்ட் 11 வந்தால் போதை எதிர்ப்பு உறுதிமொழியை எங்கள் பள்ளி மைக்கில் வாசிப்பவள் நான்தான். பிள்ளைகள் வெயிலில் கை நீட்டித் திரும்பச் சொல்வார்கள். ரெண்டு பேராவது மயங்கி விழுவார்கள். ஒன்பதரைக்குள் போட்டோ வாட்ஸ்அப் குழுவில் ஏறிவிட வேண்டும், இல்லையென்றால் போன் வரும். எட்டாங்கிளாஸ் பிள்ளையிடம் உறுதிமொழி வாங்க முடிகிறது, மையம் நடத்துகிற முதலாளியிடம் ஒரு தாள் வாங்க முடியாதா?

மன்னிக்கவும், கொஞ்சம் சூடாகிவிட்டது. தயவுசெய்து அந்த ஒரு தாளை மட்டும் கட்டாயமாக்குங்கள். உரிமம் புதுப்பிக்க வரும்போது அதன் நகலையும் கேளுங்கள்.

பெயர் போடவில்லை. தானாகச் சிகிச்சைக்கு வருகிறவருக்குப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் (என்டிபிஎஸ்) 64ஏ பிரிவு பாதுகாப்புத் தருகிறது, தெரியும். அவன் கம்பெனி 64ஏ படித்திருக்காது. பாட்டிலைக் கீழே ஊற்றவில்லை, பாதி இருக்கிறது. பரிசோதனைக்கு வேண்டுமென்றால் சொல்லுங்கள், எந்தச் சனிக்கிழமையும் கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
பெரம்பூரிலிருந்து ஓர் அக்கா