கிளாண்டன் பார்க்கின் பளிங்குக் கூடத்தை மட்டுமாவது திரும்பக் கட்டுங்கள்

நேஷனல் டிரஸ்ட் நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். பழைய மாளிகைகளைப் பராமரிக்கும் அறக்கட்டளை நீங்கள். இங்கிலாந்தில் சர்ரே மாவட்டத்தில், கில்ஃபோர்டு பக்கம் உங்கள் பொறுப்பில் இருக்கும் கிளாண்டன் பார்க் மாளிகையைப் பற்றி எழுதுகிறேன். மடல் தமிழில் இருக்கிறதே என்று ஒதுக்கிவிடாதீர்கள். சந்தா கட்டுகிறவர்களில் தமிழ் படிக்கிறவர்களும் இருக்கிறோம்.

2015 ஏப்ரல் 29 அன்று அடித்தளத்து மின்பலகையில் பிடித்த தீ, சுவர்களுக்குள் இருந்த இடைவெளிகள் வழியே மேலேறிக் கூரை வரை பொசுக்கிவிட்டது. செங்கல் சுவர்கள் நின்றன. ஸ்பீக்கர்ஸ் பார்லர் என்ற ஓர் அறை மட்டும் பெரும்பாலும் தப்பியது. முக்கிய அறைகளை மீட்டெடுப்போம் என்று முதலில் சொன்னீர்கள். 2022-இல் முடிவு மாறிவிட்டது. சுவர்களைப் பாதுகாத்து, நடுவே நடைபாலங்கள் போட்டு, மேலே மொட்டைமாடி அமைத்து, எரிந்த கோலத்தையே மக்களுக்குக் காட்டுவோம் என்கிறீர்கள்.

அந்த யோசனையை நான் அடியோடு மறுக்கவில்லை. புகைபோக்கிகள் சுவருக்குள் எப்படி வளைந்து ஏறுகின்றன, உத்தரம் செங்கல்லில் எந்த இடத்தில் பதிந்திருந்தது என்பதெல்லாம் வீடு நன்றாக இருந்தவரை யார் கண்ணிலும் பட்டதில்லை. மாடி அறைகளை அப்படியே விடுங்கள், நானும் வந்து பார்க்கிறேன்.

ஆனால் கிளாண்டனின் அழகு வெளிச்சுவரில் இல்லையே! வெளியிலிருந்து பார்த்தால் அது ஒரு பெரிய சிவப்புச் செங்கல் பெட்டி. ஒரு முகப்புக்கும் அடுத்த முகப்புக்கும் ஒட்டுறவே கிடையாது. இரண்டாம் ஆன்ஸ்லோ பிரபுவுக்காக 1720களில் அதை வடிவமைத்தவர் வெனிஸ்காரர் ஜாகோமோ லியோனி. இத்தாலியக் கட்டடக்கலைஞர் பல்லாடியோவின் நூலை ஆங்கிலத்தில் பதிப்பித்த அதே மனிதர். தன் வித்தையை அவர் உள்ளேதான் வைத்திருந்தார். கதவைத் தாண்டியதும் பளிங்குக் கூடம்: நீளம், அகலம், உயரம் மூன்றும் ஏறத்தாழ 40 அடி, இரண்டு மாடி உயரத்துக்கு ஒரே வெளி. வெளியே செங்கல்லைப் பார்த்து வந்தவருக்கு உள்ளே வெள்ளை வெளேரென்று ஒரு கூடம். அந்தத் திடுக்கிடல்தான் இந்த வீட்டின் கட்டடக்கலை. உச்சியில் சுதைச் சிற்பங்கள். ஆர்டாரி, பகுட்டி என்ற கலைஞர்களின் வேலை என்பார்கள். விதானத்து உருவங்கள் சில விளிம்பைத் தாண்டிக் காலைத் தொங்கப் போட்டிருந்தன. கீழே நிற்பவர் தலையில் குதித்துவிடுமோ என்றிருக்கும். கீழே சிற்பி ரைஸ்பிராக் செதுக்கிய பளிங்குக் கணப்புகள். அவை தீக்குத் தப்பிச் சுவரோடு நிற்கின்றன, இப்போது வெறும் செங்கல்லுக்கு நடுவே.

புதிதாகச் செய்தால் போலியாகிவிடும் என்பது பலரும் சொல்லும் வாதம். சரி, உங்கள் பொறுப்பில் உள்ள ‘அப்பார்க்’ (Uppark) என்ற மாளிகையை என்ன செய்தீர்கள்? 1989-இல் கூரைப் பழுதுவேலை முடியும் தறுவாயில் எரிந்த வீடு அது. நீங்களே திரும்பக் கட்டி 1995-இல் திறந்தீர்கள். கையாலேயே சுண்ணாம்புச் சுதை வனையும் பழைய முறையை அந்த வேலைக்காகவே கைவினைஞர்கள் மறுபடி பயின்றார்கள். அங்கே தரைத்தளத்தில் நிறைய மிஞ்சியது, கிளாண்டனில் மிஞ்சியது கொஞ்சம் என்பீர்கள். உண்மைதான். அதனால்தான் முழு வீட்டையும் கேட்கவில்லை, ஒரு கூடத்தைக் கேட்கிறேன். கிளாண்டனுக்குக் காப்பீட்டுப் பணமாகவே 6 கோடி பவுண்டுக்கு மேல் வந்திருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த மாளிகைக்குப் பின்னால், பிரபுவின் மனைவி எலிசபெத் நைட்டுக்கு வந்த ஜமைக்கா கரும்புத் தோட்டச் சொத்து இருக்கிறது. அடிமைகளின் உழைப்பு அது. கூடத்தை மீட்டால் இந்தக் கதை பூசி மறைக்கப்படும் என்று சிலர் அஞ்சலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தப் பணம் எதை வாங்கியது என்பதைக் கண்ணெதிரே காட்டிச் சொன்னால்தான் கேட்பவருக்கு உறைக்கும்.

பளிங்குக் கூடத்தை மட்டும் மீட்க எவ்வளவு செலவாகும், எத்தனை ஆண்டு பிடிக்கும் என்று தனியாக ஒரு கணக்குப் போட்டு உறுப்பினர்கள் முன் வையுங்கள். இடிபாட்டிலிருந்து சலித்தெடுத்த சுதைத் துண்டுகளில் எவ்வளவு அந்த விதானத்துக்குப் போகும் என்பதையும் அதில் சேருங்கள். அதன் பிறகும் வேண்டாம் என்றால், காரணத்தை எழுத்தில் கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் உறுப்பினர்களில் ஒருவர்